பளு தூக்கிய அன்று இரவு

ஓட்டக்காரர்களிடம் ஜிம் பேச்சை எடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "உடம்பு கனத்துப் போயிடும் சார், அப்புறம் ஓட வராது." முழங்கால் வலிக்கு ஃபிசியோ சொன்னார் என்றோ, கூட ஓடுகிற நண்பர் இழுத்துக்கொண்டு போனார் என்றோ அரைமனதாகச் சேருகிறவர்கள்கூட, ஒன்றரை மாதத்துக்குள் ஒரு விசித்திரத்தைக் கவனிப்பார்கள். முதல் வாரம் 40 கிலோ பார்பெல்லைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழத் தடுமாறியவர், ஆறாம் வாரம் 55 கிலோவுடன் எழுந்து நிற்பார். டேப் எடுத்துத் தொடையை அளந்தால் சுற்றளவு அப்படியே இருக்கும். எடை இயந்திரத்தின் முள்ளும் நகர்ந்திருக்காது. தசை கூடவில்லை, வலு மட்டும் கூடியிருக்கிறது. அப்படியானால் அந்த 15 கிலோவைத் தூக்கியது எது?

இந்தக் கேள்விக்கு முதல் தடயம் 1894-லேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வுக்கூடம் நடத்திய எட்வர்ட் ஸ்கிரிப்சர், ஒரு பெண்ணை வலக்கையால் மட்டும் அழுத்திப் பழகவைத்து அந்தக் கையின் வலு ஏறுவதைக் குறித்துவந்தார். பயிற்சி முடிந்ததும், ஒரு வேலையும் செய்யாத இடக்கையையும் சோதித்தார். அதுவும் கணிசமாக வலுத்திருந்தது! சும்மா இருந்த கையில் தசை வளர வழியில்லை. இரண்டு கைகளுக்கும் பொதுவாக இருப்பது மூளையும் தண்டுவடமும்தான். கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர்களுக்கு, நன்றாக இருக்கும் மறுகைக்குப் பயிற்சி கொடுக்கும் வழக்கத்துக்கு அடிப்படை இதுதான்.

நூறு ஆண்டு கழித்து, 1992-இல் அயோவா பல்கலைக்கழகத்தின் குவாங் யூவும் கெல்லி கோலும் இன்னும் துணிச்சலான ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவினர் சுண்டுவிரலை முழு பலத்தோடு பக்கவாட்டில் தள்ளிப் பழகினார்கள். இன்னொரு குழுவினர் விரலை அசைக்காமல், தள்ளுவதாக மனத்துக்குள் கற்பனை மட்டும் செய்தார்கள். நான்கு வாரப் பயிற்சியின் முடிவில் முதல் குழுவுக்கு வலு 30 விழுக்காடு கூடியிருந்தது, கற்பனைக் குழுவுக்கு 22 விழுக்காடு. எதுவுமே செய்யாத மூன்றாவது குழுவில் ஏற்றம் 4 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. கற்பனை செய்தே பயில்வான் ஆகிவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை. சுண்டுவிரலை அப்படிப் பக்கவாட்டில் தள்ளும் தசை நாம் அன்றாடம் அதிகம் பழக்காத சிறிய தசை. அதனால்தான் நரம்பின் பங்கு அவ்வளவு துலக்கமாகத் தெரிந்தது.

தசை என்பது ஒரே துண்டாக இயங்குவதில்லை. தண்டுவடத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு இயக்க நரம்பணுவும் தனக்கென ஒரு கூட்டம் தசை இழைகளை வைத்திருக்கிறது. அந்த நரம்பணுவையும் அதன் இழைகளையும் சேர்த்து மோட்டார் யூனிட் என்பார்கள், இயக்க அலகு எனலாம். கண்ணை உருட்டும் தசையில் ஓர் அலகுக்குப் பத்துப் பதினைந்து இழைகள்தான். கெண்டைக்கால் தசையில் ஓர் அலகுக்கு ஆயிரத்துக்கும் மேல். நரம்பணு சுடும்போது, அதாவது மின்துடிப்பை அனுப்பும்போது, அதன் இழைகள் எல்லாம் சுருங்கும், சுடாவிட்டால் எல்லாம் சும்மா இருக்கும். பாதிச் சுருக்கம் என்று ஒன்று கிடையாது. எத்தனை அலகுகளை அழைப்பது, எவ்வளவு வேகமாகச் சுடவைப்பது, இந்த இரண்டும் மட்டுமே நரம்பு மண்டலத்தின் கையில் உள்ளவை.

தேர் நிலையிலிருந்து புறப்படுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வடத்தில் ஐந்நூறு பேர் கை வைத்திருப்பார்கள். ஆளுக்கொரு நேரத்தில் இழுக்கும்வரை தேர் அசையாது. பாதிப் பேர் வடத்தைத் தொட்டதோடு சரி, சிலர் வேடிக்கை, பின்பக்கம் நிற்கிற சிலர் தெரியாமல் எதிர்த்திசையிலும் பிடித்திருப்பார்கள். குரல் கொடுக்கிறவர் கொடுத்து, அத்தனை பேரும் ஒரே மூச்சில் இழுக்கும்போது தேர் கிளம்பிவிடும். புதிதாக ஓர் ஆள்கூடச் சேரவில்லை. முதல் சில வாரப் பளுப் பயிற்சியில் நடப்பதும் இந்த ஒழுங்குதான். சும்மா நின்ற அலகுகள் அழைக்கப்படுகின்றன, சுடும் வேகம் கூடுகிறது, எதிர்ப்பக்கத் தசை தேவையில்லாமல் இறுகி நிற்பது குறைகிறது.

தோலின் மேல் மின்முனைகளை ஒட்டித் தசையின் மின்சலனத்தை அளந்து இதைக் காட்டியவர்கள் தோஷியோ மொரிடானியும் ஹெர்பர்ட் டிவ்ரீஸும். 1979-இல் வெளியான அவர்களுடைய எட்டு வார ஆய்வில், தொடக்க வாரங்களின் ஏற்றம் பெரும்பாலும் நரம்பின் கணக்கிலேயே வந்தது. தசையின் பருமன் முன்னுக்கு வர மூன்றிலிருந்து ஐந்து வாரம் பிடித்தது.

அழைப்புக்கு ஒரு வரிசையும் உண்டு. ஹார்வர்டில் எல்வுட் ஹென்னெமன் பூனைகளின் நரம்பணுக்களை ஆராய்ந்து 1965-இல் நிறுவிய விதி இது: சிறிய அலகுகள் முதலில், பெரியவை கடைசியில். அளவு விதி என்று சொல்லலாம். மெதுவாகப் பத்துக் கிலோமீட்டர் ஓடும்போது சிறிய, சோர்வடையாத அலகுகளே பெரும்பாலான வேலையைப் பார்த்துவிடுகின்றன. பெரிய, வேகமான அலகுகளுக்கு அழைப்பே போவதில்லை. வருடக்கணக்கில் ஓடியும் அவை பழக்கமில்லாமல் கிடக்கும். ஓட்டக்காரர்கள் ஜிம்முக்குப் போய் இரண்டு கிலோ டம்பெல்லை எடுத்து முப்பது முறை ஆட்டிவிட்டு வருவது எனக்கு ஏமாற்று வேலையாகத் தெரிவது இதனால்தான். அந்தச் சிறிய அலகுகளுக்கு வேண்டிய வேலை ஏற்கெனவே சாலையில் கிடைக்கிறது. களைத்து நிற்கும்வரை தூக்கினால் லேசான பளுவும் கடைசியில் பெரிய அலகுகளை அழைக்கும் என்பது உண்மை. அந்த எல்லைவரை போகிற ஓட்டக்காரரைப் பார்ப்பது அபூர்வம்.

சரி, வலு கூடுகிறது. ஓட்டத்துக்கு அதனால் என்ன லாபம்?

பிரிட்டனின் பாலா ராட்கிளிஃப் 2003 ஏப்ரல் 13 அன்று லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் முடித்தார். பெண்களுக்கான அந்த உலக சாதனை 16 ஆண்டுகள் நின்றது. உடலியங்கியலாளர் ஆண்ட்ரூ ஜோன்ஸ் அவரைப் பதின்வயதின் இறுதியிலிருந்தே ஆய்வுக்கூடத்தில் சோதித்துவந்தார். உடல் உச்சத்தில் ஓடும்போது ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதை ஆக்சிஜன் கொள்திறன் என்போம். இன்று எல்லோர் கைக்கடிகாரமும் 'விஓடூ மேக்ஸ்' என்று ஓர் எண்ணைக் காட்டி மிரட்டுகிறதே, அதுதான். ராட்கிளிஃபுக்கு 1992-இல் அது கிலோவுக்கு 70 மில்லிலிட்டர் அளவில் இருந்தது. 2003-இலும் ஏறக்குறைய அதே 70. பதினொரு ஆண்டுக் கடும் பயிற்சியில் அந்த எண் அசையவே இல்லை. மாறியது வேறொன்று. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் ஓட அவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் சுமார் 15 விழுக்காடு குறைந்திருந்தது. ஒரே வேகம், செலவு குறைவு. இதற்கு ஓட்டச் சிக்கனம் என்று பெயர் வைக்கலாம்.

ஜோன்ஸின் குறிப்புகளில் இன்னொரு தகவலும் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் ராட்கிளிஃப் பளுப் பயிற்சியும் செய்தார். நின்ற இடத்திலிருந்து அவர் எம்பிக் குதிக்கும் உயரம் 1996-இல் 29 சென்டிமீட்டராக இருந்து 2003-இல் 38 ஆனது. அதே காலத்தில், உட்கார்ந்து கால் நீட்டி விரல்நுனியைத் தொடும் சோதனையில் அவருடைய எட்டு சில சென்டிமீட்டர் குறைந்தது. வளைந்துகொடுப்பது குறைந்தது, துள்ளல் கூடியது.

ஆனாலும் ஒரே ஆளின் கதையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பளு தூக்கியதால் சிக்கனம் வந்ததா, ஆண்டுக்கணக்காக ஓடியதால் வந்ததா என்று பிரிக்க வழியில்லை. அதற்கு ஒப்பீட்டுக் குழு வேண்டும். பின்லாந்தில் லீனா பாவோலைனனும் கூட்டாளிகளும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் செய்தது. காட்டுவழி ஓட்டத்தில் தேர்ந்த ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒன்பது வாரத்துக்கு ஒரு குழுவின் பயிற்சி நேரத்தில் 32 விழுக்காட்டை எடுத்துத் தாவல், குறுவேக ஓட்டம், லேசான பளுவை வெடிப்பான வேகத்தில் தள்ளுதல் ஆகியவற்றுக்குக் கொடுத்தார்கள். கவனிக்க வேண்டியது, இது கூடுதல் பயிற்சி இல்லை. மொத்த நேரம் இரு குழுவுக்கும் ஒன்றே. ஓட்டத்தைக் குறைத்துத்தான் இதைச் செருகினார்கள். முடிவில் ஆக்சிஜன் கொள்திறன் இவர்களுக்கு ஏறவில்லை. ஐந்து கிலோமீட்டர் நேரமும் ஓட்டச் சிக்கனமும் முன்னேறின. வழக்கம்போல ஓடிய மற்றக் குழுவுக்கு அந்த முன்னேற்றம் இல்லை.

கனமான பளுவுக்கும் சான்று உண்டு. நார்வேயில் ஓய்விண்ட் ஸ்டோரென் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நன்கு பழகிய ஓட்டக்காரர்கள் எட்டு வாரம், வாரம் மூன்று முறை அரை ஸ்குவாட், அதாவது பளுவைத் தோளில் வைத்துப் பாதி உட்கார்ந்து எழுவது, செய்தார்கள். நான்கு செட், செட்டுக்கு நான்கே ரெப், ஐந்தாவது முறை எழ முடியாத அளவுக்குப் பளு. ஓட்டச் சிக்கனம் 5 விழுக்காடு முன்னேறியது. உடல் எடை மாறவில்லை.

நரம்பு ஒழுங்குபடுவது இதற்கு ஒரு காரணம், இன்னொன்று குதிகால் நரம்பு என்று நாம் தவறாகச் சொல்லும் அக்கிலிஸ் தசைநாண். பாதம் தரையில் ஊன்றும்போது அது இழுபட்டு ஆற்றலைச் சேமித்து, உந்தி எழும்போது திருப்பித் தருகிறது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் மெக்நீல் அலெக்சாண்டர் குழு, மருத்துவக் காரணங்களுக்காக வெட்டியெடுக்கப்பட்ட பாதங்களை இயந்திரத்தில் பொருத்தி, ஓடும்போது விழும் அளவு பாரத்தை ஏற்றி இறக்கி அளந்தது. 1987-இல் அவர்கள் தந்த கணக்குப்படி, வேகமாக ஓடும் 70 கிலோ மனிதரின் ஒவ்வோர் ஊன்றலிலும் புழங்கும் ஆற்றலில் சுமார் 35 விழுக்காட்டை அக்கிலிஸும் 17 விழுக்காட்டைப் பாதத்தின் வளைவும் சேமித்துத் தருகின்றன. அவ்வளவும் தசைக்குச் செலவில்லாமல் வருவது. இந்த நாணை விறைப்பாக்க லேசான வேலை போதாது. ஜெர்மனியில் அடமான்டியோஸ் அரம்பாட்சிஸ் குழு ஒரே ஆளின் ஒரு காலுக்கு மிதமான இழுவிசையும் மறுகாலுக்குக் கடும் இழுவிசையும் 14 வாரம் கொடுத்துப் பார்த்தது. கடுமையாக இழுபட்ட காலின் நாண் மட்டுமே விறைத்தது.

உடம்பு கனத்துப் போகுமோ என்ற பயத்துக்கு விடை ராபர்ட் ஹிக்சனிடம் இருக்கிறது. பளுதூக்கும் பழக்கமுள்ள இளம் ஆய்வாளரான ஹிக்சன், செயின்ட் லூயிஸில் ஜான் ஹோலோசியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ஹோலோசி தினமும் ஓடுகிறவர். புது முதலாளியைக் கவர ஹிக்சனும் கூடவே ஓடத் தொடங்க, பளுவை விடாமல் தூக்கியும் அவருடைய தசை கரைய ஆரம்பித்தது. சொந்த ஆய்வுக்கூடம் அமைந்ததும் அதையே சோதனையாக்கினார். ஒரு குழு பளு மட்டும், ஒரு குழு ஓட்டமும் சைக்கிளும் மட்டும், ஒரு குழு இரண்டும், பத்து வாரம். 1980-இல் வெளிவந்த முடிவில், இரண்டும் செய்தவர்களின் வலு ஏழெட்டு வாரம்வரை ஏறிப் பிறகு நின்று, கடைசியில் இறங்கத் தொடங்கியிருந்தது. குறுக்கீட்டு விளைவு என்று இதைச் சொல்கிறார்கள். பளுதூக்கிகளுக்கு இது தலைவலி. ஆனால் அதே ஆய்வின் மறுபாதியை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. இரண்டும் செய்தவர்களின் ஆக்சிஜன் கொள்திறன், ஓட்டம் மட்டும் செய்தவர்களுக்கு ஏறியது போலவே ஏறியிருந்தது. பளு ஓட்டத்தைக் கெடுக்கவில்லை, ஓட்டம்தான் வலு ஏறுவதைத் தடுத்தது. வாரம் 40, 50 கிலோமீட்டர் ஓடுகிறவர் இரண்டு நாள் பளு தூக்கிப் பயில்வானாகிவிடுவோமோ என்று அஞ்சத் தேவையில்லை.

பருக்காவிட்டாலும் தசைக்குள் கட்டுமானம் நடந்தே தீரும். பளு தூக்கும்போது தசை வளர்வதில்லை, சேதம்தான் ஆகிறது. பழைய புரதத்தைக் களைந்து புதியதை வைக்கும் வேலை அதற்குப் பிறகு தொடங்கி ஒரு நாளுக்கு மேல் நீளும். அந்த வேலையை முடுக்கும் புரதத்துக்கு எம்டார் என்று பெயர். அது அறிவியலுக்கு அறிமுகமான கதையே விந்தையானது. 1964-இல் ஒரு கனடா குழு பசிபிக் கடலின் ஈஸ்டர் தீவிலிருந்து மண் மாதிரிகளை எடுத்துவந்தது. அதில் இருந்த ஒரு நுண்ணுயிரி சுரந்த பொருளை மான்ட்ரியலில் பிரித்தெடுத்தவர் சுரேன் சேகல், நம் துணைக்கண்டத்தில் பிறந்தவர். தீவின் உள்ளூர்ப் பெயரான ராப்பா நுய்யை வைத்து அதற்கு ராப்பமைசின் என்று பெயரிட்டார்கள். ராப்பமைசின் உயிரணுவுக்குள் போய் எதை முடக்குகிறது என்று தேடியபோது சிக்கியதுதான் எம்டார். டெக்சாஸில் 2009-இல் தன்னார்வலர்களுக்கு ராப்பமைசினைக் கொடுத்துவிட்டுப் பளு தூக்கச் சொன்னார்கள். வழக்கமாகப் பயிற்சிக்குப் பின் உயர வேண்டிய தசைப்புரத உற்பத்தி உயரவே இல்லை. மனிதத் தசையில் எம்டாரின் பங்கு அதோடு சந்தேகமற நிரூபணமானது.

அந்தக் கட்டுமான நேரத்தில்தான் மது உள்ளே வருகிறது. பந்தயத்தில் மது ஊக்கம் தரும் என்று நம்பிய காலமும் இருந்தது. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் உதவியாளர்கள் முட்டை வெண்கருவும் பிராந்தியும், கூடவே எலி மருந்தான ஸ்ட்ரிக்னினும் கொடுத்துக்கொண்டே போனார்கள். எல்லைக்கோட்டை அவர் தாண்டியதே மறுபிறப்பு. இன்று ஓடும்போது யாரும் குடிப்பதில்லை. ஓடி முடித்த பிறகு, பளு தூக்கி முடித்த பிறகு, சனிக்கிழமை இரவில் குடிக்கிறார்கள்.

ஆய்வுகளைப் படிக்குமுன் நம்மூர் அளவைக் கிராமுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. 42.8 விழுக்காடு விஸ்கியில் ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி, 20 கிராம் ஆல்கஹால். 180 மில்லி குவார்ட்டரில் 60 கிராம். 7 விழுக்காடு ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 36 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழிலிருந்து பத்துக் கிராம்வரைதான் எரிக்கும். மோர், எலுமிச்சைச் சாறு, குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது.

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் ஆய்வு, 2014-இல் ஆஸ்திரேலியாவின் ஈவ்லின் பார், ஜான் ஹாலி குழு வெளியிட்டது. எட்டு ஆண்கள். ஒவ்வொருவரும் கால் தசைக்குக் கனமான பளு, பிறகு அரை மணி நேர சைக்கிள், அதன் மேல் பத்து முறை அரை நிமிடக் கடும் மிதி என்று மூன்று வெவ்வேறு நாள்களில் செய்தார்கள். ஒரு நாள் பயிற்சிக்குப் பின் புரதம் மட்டும். ஒரு நாள் புரதமும் மதுவும். ஒரு நாள் மாவுச்சத்தும் மதுவும். தசைக்குள் நடப்பதைப் பார்க்க வழி ஊசிதான். தொடையை மரத்துப்போகச் செய்து, சிறு கீறல் போட்டு, பக்கவாட்டில் துளையுள்ள தடித்த ஊசியை நுழைத்து, பட்டாணி அளவு தசையை வெட்டியெடுத்து உடனே உறையவைப்பார்கள். 1962-இல் ஸ்வீடனின் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம் பரப்பிய முறை இது. கூடவே, சற்றே கனமான கார்பன் அணுக்கள் கொண்ட அமினோ அமிலத்தை இரத்தக்குழாய் வழியாகச் செலுத்திக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கனமான கார்பன் தசைப்புரதத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தால், அந்த இடைவெளியில் எவ்வளவு புதுப்புரதம் கட்டப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

புரதம் மட்டும் குடித்த நாளோடு ஒப்பிட்டால், புரதத்தோடு மது சேர்ந்தபோது கட்டுமானம் 24 விழுக்காடு குறைவு. புரதமே இல்லாமல் மது சேர்ந்தபோது 37 விழுக்காடு குறைவு. எம்டாரின் முடுக்கமும் தாழ்ந்திருந்தது. குடித்துவிட்டுப் புரதப் பொடியைக் கலக்கிக் குடித்தால் சரியாகிவிடும் என்ற ஜிம் நம்பிக்கை பாதிதான் சரி.

ஆனால் அளவைப் பாருங்கள். எடையில் கிலோவுக்கு 1.5 கிராம், ஆரஞ்சுச் சாற்றில் கலந்த வோட்கா. 80 கிலோ ஆளுக்கு 120 கிராம், நம் கணக்கில் முழுதாக இரண்டு குவார்ட்டர். இதைக் காட்டி ஒரு பெக் குடித்தாலும் தசை போச்சு என்று பயமுறுத்தும் காணொளிகளில் எனக்கு உடன்பாடில்லை. நியூசிலாந்தின் மாத்யூ பார்ன்ஸ் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்குகின்றன. நீளும்போதே சுமை தாங்கும் கடும் வேலையை, இறக்கத்தில் ஓடும்போது தொடைக்கு நேர்வதைப் போன்றதை, 300 முறை ஒரு காலுக்குக் கொடுத்துவிட்டு, கிலோவுக்கு 1 கிராம் மது கொடுத்தார்கள். வேறொரு நாள் அதே ஆளின் மறுகாலுக்கு அதே வேலை, மதுவுக்குப் பதில் வெறும் ஆரஞ்சுச் சாறு. 36 மணி நேரம் கழித்தும் மது குடித்த தடவையின் வலு இழப்பு தெளிவாகக் கூடுதலாக இருந்தது. அதுவே அளவைக் கிலோவுக்கு அரை கிராமாக்கியபோது வித்தியாசம் தென்படவில்லை. 70 கிலோ ஓட்டக்காரருக்கு முதல் அளவு குவார்ட்டரும் கொஞ்சமும், இரண்டாவது ஒரு ஸ்ட்ராங் பீர்.

தசையின் கணக்கு இதோடு முடிந்தது என்றால் வாரம் ஒரு பீருக்கு எதிராக நான் எதுவும் எழுத மாட்டேன். ஆனால் தசை கண்டுகொள்ளாத அளவை இதயம் கண்டுகொள்கிறது. பின்லாந்தில் 4,098 பேரின் இதயத் துடிப்பை, குடித்த இரவிலும் குடிக்காத இரவிலும் உறக்கத்தின் முதல் மூன்று மணி நேரம் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். உறங்கும்போது துடிப்பு தாழ்ந்து, துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைப்பட்ட நேரம் ஏறி இறங்கி நெகிழ வேண்டும். அது உடல் ஓய்வுக்குப் போய்விட்டதன் அடையாளம். 70 கிலோ ஆளுக்கு ஒரு லார்ஜுக்கும் குறைவான அளவே இந்த மீட்சியை 9 விழுக்காட்டுப் புள்ளி தாழ்த்தியது. ஒரு லார்ஜிலிருந்து இரண்டரை வரைக்கும் 24 புள்ளி, அதற்கு மேல் 39. உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு இதில் எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. இளையவர்களுக்குப் பாதிப்பு இன்னும் கூடுதல்.

குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்பவர்கள் பொய் சொல்லவில்லை. தூக்கம் சீக்கிரம் வருகிறது, முதல் பாதி ஆழமாகவும் இருக்கிறது. இரத்தத்தில் மது வடியத் தொடங்கும் இரண்டாம் பாதியில்தான் விழிப்பு மேல் விழிப்பு. கனவுத் தூக்கமும் சுருங்குகிறது. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரெசின் சுரப்பை மது அடக்குவதால் எழுந்து எழுந்து போகவும் வேண்டும். ஒன்பது மணிக்குத் தொடங்கிய குவார்ட்டர் முழுக்க வடிய அதிகாலை நாலரை ஆகும், சிலருக்கு ஐந்தரைகூட. நம்மூர் வெயிலுக்குப் பயந்து ஞாயிற்றுக்கிழமை நீள் ஓட்டத்தைத் தொடங்கும் நேரம் அதுதான். கறுப்புக் காபியைத் தவிர வயிற்றில் ஒன்றும் இருக்காது. இரவெல்லாம் பட்டினி கிடந்த கல்லீரலில் சர்க்கரைக் கையிருப்பு குறைந்திருக்கும். வழக்கமாக அது புதிதாகச் சர்க்கரை தயாரித்துச் சமாளித்துவிடும். மதுவை எரிக்கும் வேதிவினை அந்தத் தயாரிப்பையே முடக்குகிறது. பன்னிரண்டாவது கிலோமீட்டரில் தலை சுற்றி ஓரமாக உட்காருகிறவர் பயிற்சி போதவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு மாதம் நிறுத்திப் பார்த்தால் என்ன ஆகும்? லண்டனில் கௌதம் மேத்தா, கெவின் மூர் குழு, மிதமாகவும் அதற்கு மேலும் குடிப்பவர்கள் 94 பேரை ஒரு மாத நிறுத்தத்துக்கு முன்னும் பின்னும் சோதித்து 2018-இல் வெளியிட்டது. இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு சுமார் கால்பங்கு குறைந்தது. இரத்த அழுத்தம் இறங்கியது. எடை 1.5 விழுக்காடு குறைந்தது, 70 கிலோ ஆளுக்கு ஒரு கிலோ. தொடர்ந்து குடித்த 47 பேரிடம் இந்த மாற்றங்கள் இல்லை. யார் நிறுத்துவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கவில்லை, அவரவர் விருப்பம் என்பது இந்த ஆய்வின் பலவீனம். இருந்தாலும் ஒரு குவார்ட்டரின் 425 கலோரியில் தசைக்கு உதவும் எதுவும் கிடையாது என்பதை நினைத்தால் எடை இறங்கியதில் ஆச்சரியமில்லை. ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள் தொடாமல் இருப்பவர்களிடம் கேட்டால், உடம்பு லேசானதையும் தூக்கம் திரும்பியதையும் அவர்களே சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. தினமும் காலையிலிருந்தே குடித்துப் பழகியவர், நிறுத்தினால் கை நடுங்குகிறவர், இந்த விரதத்தைத் தாமாகத் தொடங்கக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரின் மேற்பார்வை வேண்டும்.

மற்றவர்களுக்கு, பளுவைப் புதிதாகத் தொடங்கும் முதல் இரண்டு மாதத்தோடு நிறுத்தத்தையும் சேர்த்துக்கொள்வதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. பழக்கமில்லாத தசைக்குச் சேதமும் கட்டுமானமும் அதிகம் நடப்பது அப்போதுதான். அதற்குப் பிறகும் குடிக்க நினைப்பவர், பளு நாளைச் செவ்வாய், வியாழனுக்குத் தள்ளிவைத்தால் சனிக்கிழமை இரவு அந்தக் கட்டுமான நேரத்தில் வந்து விழாது. தூக்கத்துக்கு அப்படி ஒரு நாள் மாற்றும் வசதி கிடையாது.

பெண்கள் இந்தக் கணக்கில் எங்கே என்று கேட்கலாம். ஈவ்லின் பார் ஆய்வின் எட்டுப் பேரும் ஆண்கள், பார்ன்ஸின் ஆய்வுகளும் ஆண்களிடம் நடந்தவை. 2017-இல் அமெரிக்காவில் ஆண்கள், பெண்கள் இருதரப்பினரையும் பளு தூக்கவைத்து, கொழுப்பு நீங்கிய எடைக்கு ஏற்ப மது கொடுத்து ஊசி வழியாகத் தசையைச் சோதித்தார்கள். ஆண்களிடம் எம்டாரின் முடுக்கம் தாழ்ந்தது, பெண்களிடம் தாழவில்லை. ஆனால் விருந்தில் யாரும் கொழுப்பைக் கழித்து ஊற்றுவதில்லை. ஆணும் பெண்ணும் ஒரே லார்ஜைக் குடித்தால், உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் பெண்ணின் இரத்தத்தில்தான் மதுவின் செறிவு கூடும். பின்லாந்தின் அந்த 4,098 பேரில் இருபாலரும் உண்டு. இரவு மீட்சி தாழ்ந்ததில் ஆண், பெண் வித்தியாசம் இல்லை.